ஒரு வேலி நிலத்துக்கு ட்ரோன் வாங்கலாமா?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. ஒரு வேலி நிலம், அதாவது ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒன்றரை ஏக்கர் தென்னை, மிச்சம் ஐந்து ஏக்கரில் குறுவையும் தாளடியும். ஊரில் ஒரு நிறுவனம் வந்து ட்ரோன் செயல்விளக்கம் காட்டியிருக்கிறது. மேலே பறந்து படம் எடுத்தால் நோய், பூச்சி, உரக்குறைவு எல்லாம் தெரிந்துவிடும், மருந்தும் அதிலேயே அடிக்கலாம், மானியம் போக மூன்று நான்கு லட்சம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். டிப்ளமோ முடித்த அண்ணன் மகன் ஓட்டத் தயாராக இருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

உங்கள் நிலத்துக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். வாடகைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் மகன், அந்தத் தம்பி, அதைத் தொழிலாக எடுத்துச் செய்வதென்றால் அது வேறு கணக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றுக்காக டெல்டாவில் ட்ரோனில் வயலைப் படமெடுப்பது, மருந்தடிப்பது இரண்டையும் பார்க்கிறவன். அதனால் ட்ரோனுக்கு எதிரி இல்லை. ஆனால் செயல்விளக்கத்தில் சொல்வதற்கும் வயலில் நடப்பதற்கும் இடைவெளி நிறைய.

முதலில், உங்களிடம் ஒன்றாகச் சொன்னது உண்மையில் இரண்டு இயந்திரம். மருந்தடிக்கும் ட்ரோன் பத்து லிட்டர் டேங்க், ஆறு இறக்கை, டேங்க் நிரம்பினால் 25 கிலோவை ஒட்டி வரும் பெரிய சாமான். அதிலும் கேமரா இருக்கும். அது எதிரே கம்பியோ மரமோ இருக்கிறதா என்று ஓட்டுபவர் பார்ப்பதற்கு. பயிரைக் கண்காணிக்கிற ட்ரோன் ஒன்றிரண்டு கிலோவுக்குள் அடங்கும் சின்னது. அதன் விலையே கேமராவில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும் பல்பட்டைக் கேமரா என்றால் விலை லட்சங்களில் போகும். மூன்று நான்கு லட்சத்தில் இரண்டும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், எந்த மாடல், எந்தக் கேமரா என்று எழுதி வாங்குங்கள்.

இனி கண்காணிப்புக்கு வருவோம், அதில்தான் அதிகம் அளக்கிறார்கள்.

பயிர் நலமாக இருந்தால் இலைப்பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். பயிர் வாடினால் இது மாறும். இந்த இரண்டு ஒளியின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருகிற எண்ணுக்கு என்.டி.வி.ஐ. என்று பெயர். செயல்விளக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசிக் காட்டினார்களே, அந்தப் படம் இதுதான். 1970-களில் செயற்கைக்கோள் படங்களுக்காக வந்த கணக்கு. புதிதும் இல்லை, மந்திரமும் இல்லை. அது சொல்வதெல்லாம் இந்த இடத்தில் பச்சை குறைவு என்பது மட்டும். ஏன் குறைவு என்று அதற்குத் தெரியாது. தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள், துத்தநாகம் குறைந்தாலும் மஞ்சள், வேர் அழுகினாலும் மஞ்சள், எலி வெட்டியிருந்தாலும் மஞ்சள்தான். மேலே பறந்தால் நோய் தெரியும் என்பதில் உண்மை இந்த அளவு: எந்த மூலைக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

நெல்லில் இன்னும் சில சிக்கல் உண்டு. நட்டு இருபது நாள் வரை பயிருக்கு இடையில் தண்ணீர்தான் அதிகம் தெரியும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதனால் தண்ணீர் கூடுதலாக நிற்கிற மடைப்பக்கம் பயிர் மெலிந்ததுபோல் படத்தில் விழும், போய்ப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். பாசி படர்ந்திருந்தால் நேர்மாறு, பயிரே இல்லாத இடம்கூடப் பச்சையாகக் காட்டும். பயிர் மூடிய பிறகு எண் உச்சத்தில் போய் முட்டிக்கொள்ளும். நல்ல பயிருக்கும் ரொம்ப நல்ல பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள பட்டையையும் எடுக்கிற கேமரா இருந்தால் இதை ஓரளவு சமாளிக்கலாம். அப்புறம் ரகம். சி.ஆர். 1009-இன் பச்சை வேறு, பி.பி.டி. 5204-இன் பச்சை வேறு. பக்கத்து வயலோடு ஒப்பிட்டு ‘என் பயிர் மோசம்’ என்று கவலைப்படக் கூடாது. ஒரே ரகம், ஒரே நாளில் நட்ட வயல், அதற்குள்ளே எங்கே கூட எங்கே குறைய என்று பார்ப்பதுதான் சரி.

இத்தனை சொன்னதால் படம் வீண் என்று நினைக்காதீர்கள். வண்ணத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் ட்ரோன் படத்தின் பெரிய பலன் அதுதான், அதற்குச் சாதாரணக் கேமராவே போதும். மஞ்சள் நேர்கோடாக இருந்தால் அது மனிதக் கைவேலை: உரம் வீசியவர் ஒரு பட்டை விட்டிருக்கிறார், அல்லது நடவு இயந்திரம் நாற்று வைக்காமல் போயிருக்கிறது, அல்லது மருந்தடித்தவர் திரும்பும் இடத்தில் விட்டிருக்கிறார். இயற்கை நேர்கோடு போடாது. வயல் நடுவில் திட்டாகக் காலியாகி, வரப்போரம் சில வரிசை மட்டும் நல்லபடியாக நின்றால் எலியைச் சந்தேகியுங்கள். ஓரத்தை விட்டு உள்ளே போய் வெட்டுவது அதன் பழக்கம், அதனால்தான் வரப்பில் நடந்து போகிறவர் கண்ணுக்கு வயல் நன்றாகவே தெரியும். ஒழுங்கில்லாமல் படர்ந்து தாழ்ந்த பக்கம் நோக்கி ஓடுகிற வெளிறலாக இருந்தால் தண்ணீர் வடியவில்லை என்று அர்த்தம்.

வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தால்? கதிர் வரும் சமயத்தில் அப்படித் தெரிந்தால், தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தில் தெரிந்த உடனே மருந்தடிக்காதீர்கள். காய்ந்த வட்டத்துக்குள் போகாமல், அதன் விளிம்பைத் தாண்டி இன்னும் பச்சையாக இருக்கிற பயிரில் இறங்குங்கள். ஒரு குத்தைக் கையால் விலக்கி, தூருக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். புகையான் இருந்தால் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீரில் விழும், விழுந்த வேகத்தில் மறுபடி தண்டில் ஏறப் பார்க்கும். பத்துப் பதினைந்து குத்தில் இப்படிப் பாருங்கள். ஒரு தூருக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால் மருந்து தேவைப்படும் அளவு. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதென்றால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம், சிலந்தியே தின்று தீர்த்துவிடும். இந்தச் சிலந்தியை எண்பது மீட்டர் உயரத்திலிருந்து எந்தக் கேமராவும் பார்க்காது. இன்னொன்று, வட்டம் மேலிருந்து தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அந்த இடத்துப் பயிர் போனதுதான். ட்ரோன் காட்டியது சேதத்தை. பூச்சியை முன்கூட்டிக் காட்டவில்லை.

காசு செலவில்லாமல் மேலிருந்து பார்க்கவும் வழி உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேடி எடுத்துக்கொள்ளலாம், ஐந்து நாளைக்கு ஒரு படம் வரும். அதில் ஒரு புள்ளி தரையில் பத்துக்குப் பத்து மீட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் நாற்பது புள்ளி விழும். ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, அளவுள்ள வயல் என்றால் பதின்மூன்று புள்ளிதான், அதிலும் பாதி வரப்பையும் பக்கத்து வயலையும் சேர்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமையே 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர்தான், அதுவும் துண்டு துண்டாக. அதனால் வயலுக்குள்ளே பார்க்க இது உதவாது. எந்த வயல் மற்றதைவிடப் பின்தங்குகிறது என்று குறுவையில் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும், வாரக்கணக்கில் படமே கிடைக்காது. மேகத்துக்குக் கீழே பறக்கிற ட்ரோனுக்கு டெல்டாவில் மதிப்பு கூடுவது அப்போதுதான். என்ன, மழை விட்டு காற்றும் அடங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் உங்கள் ஐந்து ஏக்கரை எப்போது படம் எடுப்பது? வாரா வாரம் எடுக்கச் சொல்லித் திட்டம் விற்பார்கள். தேவையில்லை. நான் சொல்வது இது.

முதல் தடவை, நடவுக்கு முன்னால், சேற்றுழவு முடிந்து தண்ணீர் மெல்லிசாக நிற்கும்போது. மேடான இடமெல்லாம் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும். ஒரே ஒரு படம் போதும், எங்கே மண் தள்ள வேண்டும், லேசர் சமன்படுத்தும் இயந்திரம் கூப்பிடுவது பிரயோசனமா என்று தெரிந்துவிடும். மேடு பள்ளம் உள்ள வயலில் தண்ணீர் சமமாக நிற்காது, களை சமமாக முளைக்காது, களைக்கொல்லியும் ஒழுங்காக வேலை செய்யாது. இந்த ஒரு படத்துக்குக் கொடுக்கிற காசு பல வருஷத்துக்குப் பலன் தரும். செயல்விளக்கத்துக்கு வருகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, ஏனென்றால் இதில் வண்ணமும் இல்லை, மென்பொருளும் இல்லை.

அடுத்து, தூர் கட்டி முடிகிற சமயம், இரண்டாவது மேலுரத்துக்கு முன்னால். பல்பட்டைக் கேமரா கிடைத்தால் பயன்படுத்தலாம். எங்கே உரம் கூட்ட, எங்கே குறைக்க என்று பிரித்துப் பார்க்க இதுதான் நேரம். காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் எடுக்கச் சொல்லுங்கள், நிழல் நீளாது. பறப்பதற்கு முன் சாம்பல் நிற அளவீட்டுப் பலகை ஒன்றைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். காட்டாமல் எடுக்கிறவர்களின் படத்தைப் போன தடவைப் படத்தோடு ஒப்பிட முடியாது, வெயிலின் வித்தியாசத்தைப் பயிரின் வித்தியாசமாக நினைத்துக்கொள்வீர்கள்.

மூன்றாவது, கனமழை விட்ட மறுநாள். டெல்டாக்காரருக்கு இதைவிடப் பெரிய உபயோகம் ட்ரோனில் இல்லை. எந்த வடிகால் அடைத்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் யார் வயல் வழியாக எங்கே போய் முட்டுகிறது என்பது வரப்பில் நின்று பார்த்தால் புரியாது. மேலிருந்து எடுத்த ஒரு படத்தை ஊர்க்கூட்டத்தில் காட்டினால் வாதம் பாதியாகக் குறையும். நீர்வளத் துறைக்கு மனுக் கொடுக்கும்போதும் அந்தப் படத்தை இணையுங்கள். ஆனால் பயிர்க் காப்பீட்டுக்கு அதை நம்பிவிட வேண்டாம். மகசூல் இழப்பீடு கிராம அளவில் நடக்கும் அறுவடைச் சோதனையை வைத்துக் கணக்கிடப்படுவது. உங்கள் ஒருவர் வயல் படம் அதை மாற்றாது.

ஐந்து ஏக்கரைப் படமெடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்குக்கு மேல் படிகிற மாதிரி எடுத்து, பிறகு கணினியில் ஒட்டி ஒரே வரைபடமாக்குவார்கள். வெப்-ஓ.டி.எம்., க்யூ.ஜி.ஐ.எஸ். என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. தம்பிக்கு ஆர்வம் இருந்தால் ட்ரோன் வாங்குவதற்கு முன்னால் இவற்றைக் கற்றுக்கொள்ளட்டும். பறக்க வைக்க ஆள் நிறையக் கிடைப்பார்கள், படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

மேலுரத்தைப் பொறுத்தவரை, படம் இல்லாமலே வேலை நடக்கும். இலை வண்ண அட்டை என்று பிளாஸ்டிக் அட்டை ஒன்று உண்டு, வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலையில், வெயில் படாமல் உங்கள் உடம்பு நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலையில் ஆறு, வரம்புக்குக் கீழே இருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு மூன்று, மற்ற ரகங்களுக்கு நான்கு. டெல்டாவில் யூரியா குறைவால் கெட்ட வயலைவிட, கூடிப்போய் இலைச்சுருட்டுப்புழுவையும் புகையானையும் வரவழைத்துக்கொண்ட வயல்தான் நான் அதிகம் பார்த்தது.

யூரியா என்றதும் நினைவு வருகிறது: ட்ரோன் வாடகையோடு நானோ யூரியா என்ற பாட்டில் திரவ உரத்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். முதலில் வந்த அரை லிட்டர் பாட்டிலில் தழைச்சத்து நான்கு சதவீதம், ஆக 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், ஆக ஏறக்குறைய 20 கிலோ. பாட்டில் மூட்டைக்கு ஈடாகும் என்று சொன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். அப்படியும் போட்டுப் பார்க்க ஆசையென்றால் ஒரு மாவில் மட்டும் போட்டுப் பாருங்கள், மூட்டையை நிறுத்தாமல்.

இப்போது மருந்தடிப்பு. ட்ரோன் உண்மையிலேயே ஜெயித்திருக்கும் இடம் இதுதான். விவசாயிகளுக்கு வயதாகி ஆள் கிடைக்காமல் போன ஜப்பானில், யமஹா நிறுவனம் 1987-லேயே ஆளில்லா ஹெலிகாப்டரை நெல் வயலில் மருந்தடிக்க விட்டது. அதே நிலைமை நமக்கும் வந்துவிட்டது. விசைத்தெளிப்பானைச் சுமந்துகொண்டு சேற்றில் நடக்க ஆள் இல்லை, இருந்தாலும் கூலி கட்டாது. ட்ரோன் ஏக்கருக்கு ஏழெட்டு நிமிஷம். அடிப்பவர் மூச்சில் மருந்து போகாது என்பது சின்ன விஷயமில்லை. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஆனால் ஓட்டுபவரிடம் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் விஷயம் மருந்தின் அளவு. கையால் அடித்தால் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனில் எட்டு முதல் பத்து லிட்டர். தண்ணீர்தான் குறைகிறது, ஏக்கருக்கு உரிய மருந்து குறைவதில்லை. ஏக்கருக்கு 100 மில்லி என்றால் அந்தப் பத்து லிட்டருக்குள் 100 மில்லியும் போக வேண்டும். பழைய நினைப்பில் ‘டேங்குக்குப் பத்து மில்லி’ என்று ஊற்றிவிட்டு, ட்ரோனில் அடித்தால் பூச்சி சாகவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: கரைசல் பதினைந்து இருபது மடங்கு கெட்டி. கலக்குகிறவர் கையுறை, முகக்கவசம் இல்லாமல் நின்றால், கைத்தெளிப்பானில் கலக்குவதைவிட ஆபத்து அதிகம். தூள் மருந்து கரையாமல் நாசிலை அடைக்கும், தனி வாளியில் கரைத்து வடிகட்டி ஊற்றச் சொல்லுங்கள். எல்லா மருந்தையும் ட்ரோனில் அடிக்கவும் கூடாது. மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோன் தெளிப்புக்கு வழிமுறை வெளியிட்டது, 2023-இல் நெல் உள்ளிட்ட பயிர்களுக்குத் தனித்தனியாகவும் வந்தது. ஓட்டுபவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. பயிருக்கு மேல் இரண்டு மீட்டர் அளவில் பறக்க வேண்டும். அவசரக்காரர் நான்கு மீட்டரில் வேகமாக ஓட்டி அன்றைக்கு இருபது ஏக்கர் முடிக்கப் பார்ப்பார். துளி அவ்வளவு சின்னதாக இருப்பதால் காற்றடித்தால் உங்கள் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நான்குக்கு மேல், காற்று அடங்கிய நேரம்தான் சரி. பயிர் பூக்கும் சமயத்தில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பூ விரியும், அப்போது அடிக்கவே வேண்டாம். களைக்கொல்லி என்றால் இன்னும் கவனம். திருவாரூர் மாவட்டத்தில் கோடையில் பருத்தி போடுகிறோம், 2,4-டி காற்றில் போய்ப் பருத்தியில் பட்டால் இலை விரல்போலச் சுருங்கிவிடும், பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தை முடிந்தது. மீன் குளம், கொடிக்கால், தேனீப் பெட்டி இருந்தால் முந்தின நாளே சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்து ஓரத்தைக் கையால் அடித்துக்கொள்ளுங்கள்.

புகையானுக்கு ட்ரோன் அடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கைக் காற்று கீழே தள்ளுவதால் மருந்து தூர் வரைக்கும் போகும் என்பார்கள். இளம் பயிரில் சரி. மூடிய பயிரில் பத்து லிட்டர் தண்ணீர் மேல் இலையிலேயே தங்கிவிடும், பூச்சி கீழே நிம்மதியாக இருக்கும். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடக்க இடைவெளி, விட்டிருந்தால், தண்ணீரையும் வடித்துவிட்டு, பட்டத்தில் இறங்கித் தூரைப் பார்த்துக் கையால் அடிப்பதுதான் இன்றைக்கும் பலன் தருகிறது. இலைச்சுருட்டுப்புழு, குலைநோய் போல மேலே இருப்பதற்கு ட்ரோன் போதும். மக்காச்சோளத்தில் 2018-இல் வந்து சேர்ந்த படைப்புழுவுக்கும் பொருந்தும், அது குருத்துக்குள் இருக்கிறது, மருந்து மேலிருந்து குருத்துக்குள் விழுகிறது. ஆள் உயரத்தைத் தாண்டிய கரும்புக்கு ட்ரோனை விட்டால் வேறு வழியே இல்லை.

உங்கள் தென்னைக்கு வருகிறேன். சுருள் வெள்ளை ஈக்கு ட்ரோனில் அடித்துத் தருகிறோம் என்று கேட்டு வருவார்கள். வேண்டாம். 2016-இல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்ட இந்த ஈயை, என்கார்சியா என்ற பொடி ஒட்டுண்ணிக் குளவிதான் கட்டுக்குள் வைத்திருக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் ஈக்கு முன்னால் குளவி சாகும், அடுத்த மாதம் ஈ இரட்டிப்பாக வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், குளவி உள்ள ஓலையைத் தோப்பில் வையுங்கள். தென்னையில் ட்ரோன் உதவுவது வேறு வேலைக்கு: கொண்டைக்கு மேல் எட்டுப் பத்து மீட்டரில் நிறுத்திப் படம் எடுத்தால், காண்டாமிருக வண்டு வெட்டிய ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக நறுக்கியதுபோலத் தெரியும். எந்த மரத்துக் குருத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் வைக்க ஆள் ஏற வேண்டும் என்று எண் போட்டுக்கொள்ளலாம். மரமேறக் கூலி என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கு இனிமேல். ஐந்து ஏக்கர், இரண்டு போகம், போகத்துக்கு மூன்று தடவை அடித்தாலும் வருஷத்துக்கு முப்பது ஏக்கர். ஏக்கருக்கு 500 ரூபாய் வாடகை என்றால் 15,000. படம் எடுக்க இன்னும் கொஞ்சம். இதற்காக மூன்று நான்கு லட்சம் முடக்குவது அர்த்தமில்லை. பேட்டரியை யாரும் பேசவே மாட்டார்கள்: ஒரு ஜோடி ஓர் ஏக்கருக்கு, அதிகம் போனால் ஒன்றரைக்கு. சார்ஜ் ஏற முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். தொடர்ந்து வேலை நடக்க நான்கைந்து ஜோடியும் ஒரு ஜெனரேட்டரும் வேண்டும். சில நூறு தடவை சார்ஜ் ஏறினால் அதன் ஆயுள் முடிந்துவிடும். சும்மா கிடந்தாலும் கெடும். உங்கள் வீட்டில் ஆண்டுக்குப் பத்து மாதம் சும்மாதான் கிடக்கும்.

தம்பி வாடகைக்கு ஓட்டுவதென்றால் வாங்கலாம். அதற்கும் வரிசை இருக்கிறது. முதலில் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்து ஓட்டுநர் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சியும் 18 வயதும் போதும், சான்றிதழ் பத்து வருஷம் செல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் பல வருஷமாக ட்ரோன் ஆராய்ச்சி நடக்கிறது, பயிற்சியும் அங்கே உண்டு. வாங்கும் ட்ரோனுக்கு வகைச் சான்று, அதாவது அந்த மாடலுக்கான அங்கீகாரம், இருக்க வேண்டும், தனிப் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை, விலை மலிவென்று கள்ளத்தனமாக வந்ததை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மானியத்தில் உங்களிடம் சொன்னது சரியா என்று பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு, பெண், பட்டியலின விவசாயிகளுக்குப் பாதி விலை, உச்சம் 5 லட்சம். மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சம் 4 லட்சம் என்று வைத்தார்கள். வாடகை மையம் தொடங்கும் வேளாண் பட்டதாரிக்கும் பாதி. டிப்ளமோ அதில் சேருமா, இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்கள் சுயஉதவிக் குழுவில் இருந்தால் நமோ ட்ரோன் தீதி திட்டத்தையும் விசாரியுங்கள். 2023 நவம்பரில் ஒப்புதலான அந்தத் திட்டம் குழுக்களுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை தருவதாக அமைந்தது. தனியாள் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு நாளைக்குப் பதினைந்து ஏக்கர், வருஷத்துக்கு அறுபது நாள் வேலை என்று வைத்தால் நான்கரை லட்சம் கைக்கு வரும். அதில் உதவியாள், வண்டி, பேட்டரி, பழுதுபார்ப்பு எல்லாம் போக வேண்டும். முதல் இரண்டு வருஷம் லாபம் எதிர்பார்க்கக் கூடாது. டெல்டாவில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மருந்தடிக்க வேண்டும், மற்ற வாரம் வேலை இராது. அரியலூர், பெரம்பலூர் மக்காச்சோளப் பக்கம், கரும்புப் பக்கம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போகத் தயாராக இருந்தால்தான் அறுபது நாள் தேறும். பகலில் மின்கம்பியும் பருந்தும் பார்த்து ஓட்ட வேண்டும். கூடு கட்டும் சமயத்தில் பருந்து நேராக வந்து மோதும், இதைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித்தர மாட்டார்கள்.

எங்கே பறக்கலாம் என்பதை ஒவ்வொரு ஊருக்கும், நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சைப் பகுதியில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், மஞ்சளுக்கு அனுமதி வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசு ஒப்புதல் இல்லாமல் முடியாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020-லிருந்து சுகோய் போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. திருச்சியில் விமான நிலையம். இவற்றைச் சுற்றியுள்ள வயல்காரர்கள் எத்தனை ரூபாய் கூடக் கொடுத்தாலும், வரைபடத்தில் நிறம் பார்க்காமல் தம்பி முன்பணம் வாங்கக் கூடாது.